அம்மா ஏறுற வண்டிக்கு எந்த மிதிபலகை?

என் டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டபுள் கேப்பின் (ரெண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் தட்டும் உள்ள வண்டி) கதவு வாசல் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம். அம்மாவுக்கு வயது 71. முப்பத்தைந்து வருசம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால், இப்போது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசற்படியில் ஏறுவதற்கே சுவரில் ஒரு கை கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன போடுவது என்றுதான் எட்டு மாதமாக யோசித்தேன். ஒரு தடவை பிழையாக வாங்கினேன், கழற்றினேன், அளந்தேன், மறுபடி போட்டேன். கொட்டகலைப் பக்கத்திலிருந்தும் லிந்துலையிலிருந்தும் டபுள் கேப் வைத்திருக்கிற ரெண்டு மூன்று பேர் இதையே கேட்டார்கள். ஃபோனில் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் கந்தப்பளைப் பக்கம் மரக்கறிப் பயிர் செய்கிறவன். லீக்ஸ், கரட், கோவா. அறுவடை நாளில் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கு வண்டி போகும், திரும்பும்போது உர மூட்டை வரும், மாதம் ஒரு தடவை அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போகும். வண்டி பழையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது, அந்த ஐந்து வருசத்தில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிற வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டோம். எனக்கு வந்த வண்டியில் சைட் ஸ்டெப் (கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுகிற மிதிபலகை) கிடையாது, முதல் சொந்தக்காரர் கழற்றி விற்றுவிட்டார் போல, அடையாளம் மட்டும் இருந்தது.

முதல் தடவை செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். டவுனில் ஒரு கடையில், பளபளவென்று மின்னுகிற உருண்டைக் குழாய் ஸ்டெப், மூன்று அங்குல விட்டம், ஒரு பக்கத்துக்கு ரெண்டே ரெண்டு பிராக்கெட் (வண்டியோடு பூட்டுகிற இரும்புத் தாங்கி), கால் வைக்க ஒரு கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. பார்க்க வண்டிக்கு நல்ல கம்பீரம். அரை மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார்கள். ஜூன் மாதம், மழை விடாமல் பெய்கிற ஒரு காலையில், கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு அம்மா ஏறினார். ரப்பர் செருப்பு. கால் அந்தப் பிளாஸ்டிக் பட்டையில் விழவில்லை, நாலு விரல் தள்ளி வெறும் குழாயில் விழுந்தது. நனைந்த குழாயில் ரப்பர் செருப்பு நிற்குமா? வழுக்கி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் முன்னெலும்பு நெடுக தோல் உரிந்துவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, அந்தக் காயம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் போனது. அதற்குப் பிறகு வண்டியை எடுத்தாலே, "நான் பஸ்ஸிலயே போய்க்கிறேன் தம்பி, உனக்கு ஏன் சிரமம்" என்பார். அதைக் கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கும்போது நான் வண்டியைப் பார்த்தேன், அம்மாவின் காலைப் பார்க்கவில்லை.

அதனால் ரெண்டாவது தடவை கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே அளந்தேன். சீமெந்துக் கல் ஒன்றை வைத்து அதன் மேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அம்மாவை ஏறிப் பார்க்கச் சொன்னேன். 20 சென்டிமீட்டருக்கு யோசிக்காமல் ஏறினார். 30-க்குச் சுவரைப் பிடித்தார். 36-க்கு, மேலே ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்து இழுக்கக் கொடுத்தால் ஏற முடிந்தது, கயிறு இல்லாமல் முடியவில்லை. 40-க்குக் காலைத் தூக்கி வைத்தார், உடம்பை மேலே கொண்டுபோக முடியவில்லை. வீட்டு மாடிப்படி ஒன்று வழக்கமாக 15-லிருந்து 18 சென்டிமீட்டர்தான் வரும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 65 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட நாலு படியை ஒரே எட்டில் ஏறுவது. கணக்குப்படி நடுவில் ஸ்டெப் வந்தால் 32 அல்லது 33. அது போதும், பிரச்சினையே இல்லை, என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் எங்கள் தோட்டத்து ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் டிவிஷனுக்கு நாலு கிலோமீட்டர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்கக் கான் வெட்டியிருப்பார்கள், அந்தக் கான் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்கள் எங்கள் வழியில் பதினொன்று. சிலதில் கல் பாவியிருக்கும், சிலதில் வெறும் மண், மழைக்குப் பிறகு ஆழம் மாறிவிடும். முன்சக்கரம் கானைத் தாண்டி மேலே ஏறி, பின்சக்கரம் இன்னும் இந்தப் பக்கம் இருக்கும்போது, நடு வயிறுதான் மேட்டில் இடிக்கும். மேடு ஏறி இறங்கும் இடத்திலும் அதே கதைதான். வீகோ டபுள் கேப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் 3085 மில்லிமீட்டர் தூரம். அந்த மூன்று மீட்டரின் நட்ட நடுவில்தான் சைட் ஸ்டெப் தொங்குகிறது.

வண்டி விளம்பரத்தில் போடுகிற தரை இடைவெளி எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிகளில் அந்த எண் பெரும்பாலும் பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கிற உருண்டைக்கு, அதாவது டிஃபரன்ஷலுக்குக் கீழே அளந்தது. டிஃபரன்ஷல் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது, சக்கரம் மேடேறினால் அதுவும் கூடவே மேலேறிவிடும். நடு வயிறு அப்படி ஏறாது. ரெண்டும் வேறு வேறு விசயம்.

நான் செய்த சோதனை எல்லோருக்கும் கைவரும், செலவும் இல்லை. பழைய ஒயர்த் துண்டுகளை எடுத்து, வண்டியின் வாசலுக்குக் கீழே ஸ்டெப் வரப்போகிற கோட்டிலேயே, முன் கதவு, நடு, பின் கதவு என்று வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஒயர், நுனி தரையிலிருந்து 25, 30, 35 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிற மாதிரி. நுனியில் வெள்ளைத் துணி. தெறிக்கிற சேறு பட்டுக் குழப்பக் கூடாது என்பதற்காக மழை இல்லாத ஒரு நாள் பார்த்து, பின்னால் பதினைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு (இது முக்கியம், வெறும் வண்டியில் அளந்தால் பின்பக்கம் நாலைந்து சென்டிமீட்டர் தூக்கியே நிற்கும்) நாலு கிலோமீட்டரும் மெதுவாகப் போய் வந்தேன். பெரிய மகன் பக்கத்தில் நடந்து வந்து எந்தத் துணி எங்கே தரையில் படுகிறது என்று பார்த்துச் சொன்னான். 25 ஐந்து இடத்தில் பட்டது. 30 ஒரே ஒரு இடத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஆழமான கானில், நன்றாக இழுபட்டது. 35 எங்கேயும் படவில்லை.

இப்போது சிக்கல் விளங்குகிறதா? அம்மாவுக்கு ஸ்டெப்பின் மேற்பக்கம் 36-க்கு மேல் போகக் கூடாது. ரோட்டுக்கு ஸ்டெப்பின் அடிப்பக்கம் 33, 34-க்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் மிஞ்சுவது ரெண்டு மூன்று சென்டிமீட்டர்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விசயம் புரிந்தது, ஸ்டெப் வாங்குகிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை: ஸ்டெப்பின் தடிப்பு. மூன்று அங்குல உருண்டைக் குழாய் என்றால் 76 மில்லிமீட்டர். கால் மேலே நிற்கிறது, கல் கீழே இடிக்கிறது, நடுவில் இருக்கிற ஏழரை சென்டிமீட்டரும் யாருக்கும் பிரயோசனமில்லாமல் போகிற உயரம். அதே இடத்தில் 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டையான பலகை போட்டால், அடிப்பக்கத்தை ஒரு நூல் கூட இறக்காமல் மேற்பக்கம் மூன்றரை சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். அம்மா ஏற முடிகிற உயரத்துக்கும் முடியாத உயரத்துக்கும் வித்தியாசமே அவ்வளவுதான். நான் கடைசியில் போட்டது அடிப்பக்கம் 34, மேற்பக்கம் 38. அந்த மீதி ரெண்டு சென்டிமீட்டரை எப்படிச் சரிக்கட்டினேன் என்று பிறகு சொல்கிறேன்.

சந்தையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்க்கலாம். உருண்டைக் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதிலேயே முட்டை வடிவக் குழாய் வருகிறது, கால் வைக்க கொஞ்சம் அகலம் கூட, மற்றபடி அதே குணம். குழாய்க்குக் கீழே கதவுக்கு ஒன்றாக வளையம் மாதிரி இன்னொரு படி தொங்குகிற வகை இருக்கிறது, தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு, வயதானவர்கள் ஏறுகிற வீட்டுக்கு, அதை விடச் சுகமானது இல்லை. எங்கள் ரோட்டில் அது முதல் கானிலேயே மாட்டும். ஸ்லைடர் என்று ஒன்று, அது உண்மையில் ஸ்டெப்பே இல்லை, கல்லில் வண்டி உட்கார்ந்தால் வண்டியின் பாரத்தையே தாங்கி வாசலைக் காப்பாற்றுவதற்குச் சேசியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பூட்டுகிற கனத்த இரும்பு. நக்கிள்ஸ் மலைப் பக்கம் காட்டுப் பாதைகளுக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். நன்றாக மேலே ஏற்றிப் பூட்டுவதால் கால் வைக்க அவ்வளவு உதவாது, ஒரு ஜோடி 50 கிலோவைச் சுற்றி வரும், அதாவது ஒரு மூட்டை லீக்ஸுக்கான இடத்தை நிரந்தரமாக அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்லைடரில் ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்பதைக் கேட்டுவிட்டு சாதாரண சைட் ஸ்டெப்பிலும் சிலர் ஜாக்கி வைக்கிறார்கள். அது ஆள் பாரத்துக்குச் செய்தது, தயவு செய்து வைக்க வேண்டாம்.

மின்சார ஸ்டெப் என்னை நிறைய நாள் ஆசை காட்டியது. கதவைத் திறந்தால் கீழே இறங்கும், மூடினால் வாசலுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். எங்கள் சிக்கலுக்கு எழுதி வைத்த மருந்து மாதிரி. ஆனால் அதன் கீல், மோட்டர், ஒயரிங் எல்லாம் முன்சக்கரம் சேற்றையும் சின்னக் கல்லையும் வாரி அடிக்கிற இடத்திலேயே இருக்கிறது. கீலுக்குள் மண் ஏறிக் காய்ந்தால் பாதியில் நின்றுவிடும், பாதியில் நின்ற ஸ்டெப்போடு கான் கடந்தால் அதோடு முடிந்தது. அடிக்கடி தண்ணீர் அடித்துக் கழுவி வைக்க முடிந்தால், ஹட்டன் டவுனிலோ நுவரெலியா டவுனிலோ வீடு இருந்தால், வயதான தாய் தகப்பன் இருந்தால், காசும் இருந்தால், நான் தடுக்க மாட்டேன். தோட்டத்து ரோட்டுக்கு வேண்டாம்.

கடைசியில் நான் எடுத்தது தட்டையான அலுமினியப் பலகை, 15 சென்டிமீட்டர் அகலம். அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெப் வெளியே குறைவாக நீட்டினால் ஏறும்போது கால் பாதிதான் விழும், அதிகமாக நீட்டினால் இறங்கும்போது கெண்டைக்கால் அதன் ஓரத்தில் உரசி, சேலையிலும் காற்சட்டையிலும் சேறு பூசிக்கொண்டுதான் இறங்க வேண்டும். டயரின் வெளிப்பக்கக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது என் முடிவு. கல் கட்டுக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற ரோட்டில் அதற்கு மேல் நீட்டுவதற்கு இடமும் இல்லை.

மேற்பரப்பு இன்னும் முக்கியம். தேங்காய் துருவி மாதிரிப் பற்கள் எழும்பிய துளைத் தகடு சேற்றிலும் பிடிக்கும், தண்ணீரும் நிற்காது, பூட்ஸ் போடுகிறவர்களுக்கு அதுதான் சிறந்தது. ஆனால் எங்கள் வீட்டில் செருப்போடும் வெறுங்காலோடும் ஏறுகிறார்கள், சேலைக் கரை அதில் மாட்டினால் கிழியும், வழுக்கினால் அம்மாவுக்கு நடந்ததை விட மோசமாக நடக்கும். முழு நீளத்துக்கும் வரி வரியான ரப்பர் ஓடுகிற பலகையைத் தேடி எடுத்தேன். முழு நீளம், அதுதான் விசயம். கதவுக்கு ஒரு பட்டை என்றால் மழையில் அவசரமாக ஏறுகிறவர் அந்தப் பட்டையைத் தேடிக் கால் வைப்பாரா?

அடுத்து துரு. குழாயைத் துடைத்துக் காட்டி "ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது" என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸில் 304, 201 என்று தரங்கள் இருக்கின்றன. 304 என்பது கிட்டத்தட்ட 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் சேர்ந்தது. 201 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு, துருவுக்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும். காந்தம் வைத்துப் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது, ரெண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாத வகை, வளைத்த இடத்தில் 304 கூட லேசாக ஒட்டும். அதனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்பது நல்ல சாமான் என்பதற்குச் சாட்சி இல்லை. எங்களுக்கு இன்னொரு தலையிடியும் இருக்கிறது: உரம். பொட்டாசியம் குளோரைட் மூட்டை ஏற்றி இறக்கும்போது கொட்டுகிற தூள் ஸ்டெப்பின் மேலும் இடுக்கிலும் உட்காரும், மழையில் கரையும். குளோரைட் சாதாரண இரும்பை வேகமாகத் தின்னும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஊசி குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். நான் முதலில் போட்ட குழாயில் ஒரு மழைக்காலத்துக்குள் பிராக்கெட் ஒட்டின இடத்தைச் சுற்றிச் சிவந்த புள்ளிகள் வந்துவிட்டன. கறுப்புப் பவுடர் கோட் அடித்த இரும்பு என்றால், ஒரு கல் தெறித்து நிறம் பெயர்ந்த இடத்தில் துரு உள்ளே போய், வெளியே தெரியாமலே பூச்சுக்கு அடியில் பரவும். குழாய் எதுவாக இருந்தாலும் கீழே தண்ணீர் வடிகிற துளை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். நான் கழற்றின குழாயைச் சரித்தபோது ஒரு கோப்பை அளவுக்குச் சேற்றுத் தண்ணீர் கொட்டியது.

அலுமினியத்துக்கும் ஒரு குறை உண்டு. இரும்பு பிராக்கெட்டில் அலுமினியத்தை நேரே ஒட்டிப் பூட்டி, நடுவில் ஈரம் நின்றால், இரும்பு நல்லா இருக்கும், அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவே ரப்பரோ நைலோன் வாஷரோ வைத்தால் போதும், அவ்வளவு சின்ன வேலை, கேட்டு வாங்காவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள்.

இனி பூட்டுகிற விசயம். எந்தப் பலகை என்பதை விட அது எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதுதான் பாரத்தைத் தாங்கும். 80 கிலோ ஆள் ஒருவர் போல்ட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே நின்றால் அந்த போல்ட்டில் 157 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குகிற விசை விழும், மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலிருந்து தொப்பென்று குதித்தால் அது இன்னும் எத்தனையோ மடங்கு. ரெண்டு பிராக்கெட் போதாது. மூன்று இருக்க வேண்டும், அதுவும் கதவுகளுக்கு நேரே கால் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் தொங்கினால் பலகை வளைந்து வளைந்து ஒரு நாள் வெடிக்கும்.

பெட்டி மாதிரியான சேசியின் மேல் கேபின் ரப்பர் துண்டுகளில் உட்கார்ந்திருக்கிற வண்டி இது. குழியில் விழுந்து எழும்பும்போது கேபின் ஒரு பக்கம் ஆடும், சேசி ஒரு பக்கம் முறுகும். பிராக்கெட் சேசியில் மட்டும் இருக்கலாம், அல்லது கேபின் வாசலில் மட்டும் இருக்கலாம். ஒரு கால் சேசியிலும் இன்னொரு கால் கேபினிலும் வைத்துப் பூட்டினால் ரெண்டும் தனித்தனியாக ஆடும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், முதலில் கறகறவென்று சத்தம் வரும், பிறகு தகடு பிளக்கும். முதலில் எனக்குப் பூட்டித் தந்தவர்கள் அப்படித்தான் பூட்டியிருந்தார்கள், ஒரு வருசத்துக்கும் குறைவாகவே, இடது பக்கப் பின் பிராக்கெட்டில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அம்மா விழாமல் இருந்திருந்தாலும் நான் எப்படியும் கழற்றியிருக்க வேண்டிய சாமான்தான் அது.

ரெண்டாவது தடவை எங்கள் ஊர் வெல்டிங் பாஸிடம், இரும்பு ஒட்டுகிற கைவினைஞரிடம், கொண்டுபோனேன். அறுபது வயதுக்காரர், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களில் வேலை பழகினவர். வண்டியைப் பார்த்ததும் முதல் வார்த்தையே, "சேசியில நான் ஒட்டவும் மாட்டேன், துளை போடவும் மாட்டேன் தம்பி, சம்மதம்னா நில்லுங்க." எனக்கு அந்த நிமிசமே நம்பிக்கை வந்துவிட்டது. ஒட்டினால் சூடு பட்ட இடத்தைச் சுற்றி இரும்பின் பலம் மாறிப்போகும், வருசக்கணக்காக அதிர்கிற சேசியில் வெடிப்பு அங்கே இருந்துதான் தொடங்கும். துளை என்றால், உள்ளே பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் ஒயரிங்கும் சேசி நெடுக ஓடுகிறது, பார்க்காமல் விட்ட ட்ரில் எதில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும். சில வண்டிகளில் கம்பனியே ஸ்டெப்புக்கென்று துளை விட்டிருப்பார்கள், அது இருந்தால் அதைத்தான் பாவிக்க வேண்டும். அவர் செய்தது, சேசியைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஆறு மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட், முக்கோணத் துண்டு வைத்து மூலையைப் பலப்படுத்தி, எல்லா ஒட்டு வேலையும் வண்டிக்கு வெளியே மேசையில். துத்தநாகம் கலந்த பிரைமர் ரெண்டு தடவை, அதற்கு மேல் கறுப்பு எனாமல். எம்10 போல்ட், தலையில் பலத்தின் தர எண் 8.8 என்று அடித்தது. 45 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டிலிருந்து பிராக்கெட் வரைக்கும் வெள்ளை நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். 500 கிலோமீட்டர் ஓடின பிறகு கொண்டுவரச் சொன்னார், போனேன், ஆறில் ரெண்டு இடத்தில் கோடு விலகியிருந்தது. இதைச் சொல்லாமல் பூட்டி அனுப்புகிற இடங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கம்பனி ஸ்டெப்பே வேண்டும் என்பவர்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றின சாமான் தேடலாம். ஸ்டெப்பை விட பிராக்கெட்டும் போல்ட்டும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாமல் வாங்கினால் திரும்பவும் பாஸிடம்தான் வர வேண்டும்.

சரி, அந்த ரெண்டு சென்டிமீட்டர். பின் கதவுக்குப் பக்கத்துத் தூணில் என் வண்டியில் கைப்பிடி இல்லை. அந்தத் தூணுக்குள் சீட் பெல்ட்டின் சுருள் இருக்கிறது, புது வண்டி என்றால் தூணிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் சம்பந்தமான சாமான்கள் இருக்கும், அங்கே ஸ்க்ரூ இறக்க நான் விரும்பவில்லை. முன் சீட்டின் தலையணைக் கம்பி ரெண்டையும் சுற்றித் தடித்த நைலோன் பட்டியில் ஒரு பிடி கட்டினேன், அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு வருகிற மாதிரி. பலகை அடுக்கிப் பார்த்தபோதே தெரிந்ததுதான், காலுக்கு மட்டும் படி கொடுத்துவிட்டுக் கைக்கு எதுவும் கொடுக்காவிட்டால் ஏற முடியாது. இன்னொன்று, வண்டியை ரோட்டின் மேட்டுப் பக்கம் ஒட்டி, இடது கதவு மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினால் தரை ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்ந்து வந்துவிடும். எங்கள் லயத்துக்கு முன்னால் அப்படி ஒரு இடம் இருக்கிறது, கிளினிக் வாசலிலும் நடைபாதைக் கல் இருக்கிறது. அந்த ரெண்டு இடத்திலும் அம்மா ஏறுவது 38 அல்ல, 32.

டயர் மாற்றுகிற யோசனை இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு ஸ்டெப்பை அளக்கவும். 255/70 ஆர்15 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் 39 மில்லிமீட்டர் கூடும், வண்டி அதில் பாதி, கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் உயரும். ரோட்டுக்கு அது லாபம், அம்மாவின் முழங்காலுக்கு அது நட்டம்.

ஒரு விசயம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அகலமான ஸ்டெப் போட்டதும், தோட்டத்தில் வேலை முடிந்து வருகிற பையன்கள் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே இடமில்லை என்றால் அதில் தொற்றிக்கொண்டு வரப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஃபுட்போர்ட்டில் தொங்கிப் பழகினவர்கள், அவர்களுக்கு அது பெரிய விசயமாகத் தெரிவதில்லை. பலகை 150 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கலாம், அது நின்ற வண்டிக்கு. ஓடுகிற வண்டியில் ஒரு குழி விழுந்தால் கை விடும், விழுகிற இடம் பின்சக்கரத்துக்கு முன்னால். ஒரு தடவை என் மகனின் கூட்டாளியையே இறக்கி விட்டிருக்கிறேன், அவன் முகம் கறுத்துப்போனது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். உள்ளே இடமிருந்தால் ஏற்றுவேன், ஸ்டெப்பில் யாரையும் நிற்க விட்டு வண்டி எடுக்க மாட்டேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. உரம் ஏற்றின நாளில் வீட்டுக்கு வந்ததும் ஸ்டெப்பின் மேலும் பிராக்கெட் இடுக்கிலும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன், மறுநாளுக்கு வைப்பதில்லை. ஒயில் மாற்றும்போது வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறேன். ரப்பர் வரிக்குள் மண் அடைந்தால் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல ரப்பரும் மழையில் சவர்க்காரம் மாதிரித்தான்.

இந்த மாதக் கிளினிக்குக்கு அம்மா ஏறினார். இடது கையால் பட்டியைப் பிடித்து, வலது காலை முழுதாகப் பலகையில் வைத்து, ஒரு நொடி நின்று மூச்சு விட்டு, அப்புறம் உள்ளே. இறங்கும்போதுதான் ஒன்று கவனித்தேன், ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் நெருக்கமாக நின்றதால் வலது பக்கக் கதவால் இறங்க வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் பிடி கட்டவில்லை, என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். நைலோன் பட்டி இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னாலும் ஒன்று கட்டிவிடுவேன்.